குடிபுகுமுன் நீர்வழி அறிக

தொழில் நாடிச் சென்னைக்குச் செல்வோர் பலர். நம் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்று வெளியேறுவோருள்ளும் பலர்க்கு அந்நகரமே செல்லிடமாகின்றது. சென்றவர் முதற்கண் தேடுவது வீடு. தேடுங்கால் அவர் கேட்கும் வினாக்கள் மூன்று. வாடகை யாது? முன்பணம் யாது? அலுவலகம் எத்துணைத் தொலைவு? இம்மூன்றும் வேண்டுவனவே; பொருள் குறைந்த இளைஞர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது. எனினும், இவற்றுக்கு முன்னர்க் கேட்கற்பாலதாய நான்காம் வினா ஒன்றுண்டு. இந்நிலத்தில் முன்பு நீர் எங்கு நின்றது? எவ்வழி ஓடிற்று? இதனைக் கேளாது குடிபுகுதல் அறிவுடைமையன்று. கேட்டறிந்தும் பொருட்படுத்தாமை அறமன்று. இவ்விரண்டனையுமே நாம் ஈண்டு வலியுறுத்த விழைகின்றோம்.

சென்னையின் இயல்பை முதலில் நோக்குவோம். அந்நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் வருவது. அதுவும் சில நாட்களிற் கொட்டித் தீர்ப்பது. நிலமோ மேடுபள்ளம் மிகுதியின்றிக் கடல் நோக்கி மெல்லச் சரிவது. கொசத்தலை, கூவம், அடையாறு என்னும் ஆறுகள் மூன்றும் விரைந்தோடும் இயல்பின அல்ல. ஆகலின், நம் முன்னோர் மழைநீரைக் கடலுக்கு விரட்டாது, ஏரிகளில் நிறுத்தினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்குச் சென்றது. மாரியில் வெள்ளம் தடுத்ததும், கோடையில் வயலையும் கிணற்றையும் காத்ததும் அவ்வேரித் தொடரே.

நகரம் பெருகியபோது இத்தொடர் அறுந்தது. நுங்கம்பாக்கத்தினின்று தெற்கே நீண்டு கிடந்த பேரேரியின் ஒரு பகுதியைத் தூர்த்தே 1920களில் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை உண்டு. அங்கு நின்று நோக்குவார்க்கு ஏரிதான் இல்லை. முகப்பேரில் ஒரு குடியிருப்பிற்கு ஏரித் திட்டம் என்பதே பெயர். ஏரி போயிற்று, பெயர் மட்டும் சான்றாய் நின்றது. நீர் சென்ற இடத்திற்கு நீர் மீண்டும் வருமென்று அப்பெயர்கள் நாள்தோறும் நமக்கு உரைக்கின்றன; கேட்பார்தாம் அரியர்.

இதன் பயனை இக்காலத்தவராகிய நாமே கண்டோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில், ஒரே நாளளவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. அடையாறு கரைகடந்தது. முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் மாடிகளில் ஏறி நின்றனர். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன; ஜூலைத் திங்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்க்கு அப்பாலுள்ள ஜோலார்ப்பேட்டையினின்று புகைவண்டியில் குடிநீர் கொணர நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் நீரில் மிதந்தன. மிக்க நீராலும் நீரின்மையாலும் ஒரு நகரம் மாறி மாறி வருந்துவது வியப்பன்றோ? வியப்பன்று. நீர் தங்க இடமின்றேல், மாரியில் அது வீட்டினுள் நுழையும். கோடையில் எங்கும் இராது. இரு துன்பத்திற்கும் வேர்களுள் ஒன்று இதுவே.

இனி, பழைய வீடு சிறந்ததோ, புறநகரிற் புதுவீடு சிறந்ததோ என்னும் வழக்கை ஆராய்வோம்.

திருமயிலை, திருவல்லிக்கேணி முதலிய பழம்பகுதிகளில் எஞ்சியுள்ள முன்னாளை வீடுகள் வெப்பத்தை எண்ணிக் கட்டப்பட்டவை. தெருவில் திண்ணை, அதனையடுத்து ரேழி, நடுவே வானம் நோக்கிய முற்றம், அதனைச் சூழ்ந்து தாழ்வாரமும் கூடமும், பின்கட்டிற் கிணறு. மேற்றளமோ மதராஸ் டெரஸ் என வழங்குவது. தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து ஊட்டி, அதன்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடிப்பர். தடித்த சுவரும் இத்தளமும் பகல் வெப்பத்தை மெல்லவே உள்ளே விடும். முற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கும். 2003 மே 31ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொட்டது. அத்தகைய கோடையில், பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட்டுத் தளத்தின்கீழ் இரவுறங்கியவரை வினவின், பழைய தளத்தின் அருமை விளங்கும்.

கடற்காற்றும் கருதத்தக்கது. கோடைப் பகலில் நண்பகலை ஒட்டிக் கரையில் எழும் அக்காற்று, உள்நாடு செல்லச் செல்லத் தாழ்த்தே வந்து சேரும். மேல்காற்று வலுத்த நாளில் அதன் வரவு இன்னும் தாழ்க்கும். கரையை அடுத்த பழம்பகுதியில் வாழ்வார்க்கு இது கூலியின்றிக் கிடைக்கும் விசிறி.

எனினும், பழையதெல்லாம் நல்லதென்று நாம் கூறோம். கவனியாது விட்ட மதராஸ் டெரஸ் ஒழுகும். கட்டையைக் கறையான் அரிக்கும். ஒழுகிய இடத்திற் சுண்ணாம்பு உதிரும். பழைய மின்கம்பிகள் இன்றைய பளுவைத் தாங்கா. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரும் இந்நாளில் அரியர். இவற்றினும் கொடியது மற்றொன்று. பழைய சாலையைச் சுரண்டாது அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் இட்டமையால் தெருவின் மட்டம் உயர்ந்து, ஒரு காலத்திற் படியேறிப் புகுந்த வீடுகள் இன்று படியிறங்கிப் புகும் நிலையில் உள்ளன. மேட்டு நிலத்து வீடும் இவ்வாறு பள்ளத்து வீடாகிவிடுகின்றது. ஆதலின், வீட்டின் முதுமையைப் போற்றுவார் வாசற்படியின் உயரத்தையும் நோக்குதல் வேண்டும்.

புறநகர்க்கும் பெருமை உண்டு. 1931ஆம் ஆண்டு கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும், நகரில் உழைத்துப் புறத்தே உறங்கும் வாழ்வு எளிய குடும்பத்தார்க்கும் இயல்வதாயிற்று. 1937ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அன்று அது தொலைவென்று எண்ணினார் இருந்திருக்கலாம். இன்று அவ்வளாகத்து மரச்செறிவு அம்முடிவைப் பாராட்டி நிற்கின்றது. புறநகர் செல்வது குற்றமன்று என்பதற்கு அது தக்க சான்று. காட்டைக் காடாகவே பேணி அதனிடையே வாழ்ந்தமையே அதன் சிறப்பு. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. 2023 இறுதியிற் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. முன்னாளிற் புறநகர் என்றவை இன்று நகரின் வாயில்கள். எனவே, பழையதா புதியதா, நடுவா புறமா என்னும் வழக்கிற்குப் பொதுவான தீர்ப்பில்லை. தெருவுக்குத் தெரு தீர்ப்பு மாறும். மாற்றுவது நிலத்தின் மட்டமும் நீரின் வழியுமே.

மலைப்பிரசங்கத்தின் முடிவில் ஆண்டவர் அருளிய இரு வீட்டு உவமையை நம்மில் அறியாதார் இலர். கற்பாறைமேற் கட்டியவன் புத்தியுள்ளவன். மணலின்மேற் கட்டியவன் புத்தியில்லாதவன். சென்னையிலோ, கடலோர மணற்பகுதி மழையை உறிஞ்சி நன்னீராக்கித் தருகின்றது. திருவான்மியூர் முதலாகத் தெற்கே நீளும் கரையின் நிலத்தடி நீர் நகர்க்கு உதவியது இம்மணலாலேயே. அளவின்றி இறைத்தால் உப்புநீர் உட்புகும் என்பதும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியதும் மறக்கற்பாலன அல்ல. ஆயினும், அந்நகரில் உவமையின் பேதைக்கு ஒப்பாவான் மணலிற் கட்டியவன் அல்லன். ஏரியைத் தூர்த்து அதன் வயிற்றிற் கட்டியவனே. உவமையின் உட்பொருள் கல்லா மணலா என்பதன்று. வெள்ளம் வருமென்று அறிந்து கட்டினானா, வாராதென்று மயங்கிக் கட்டினானா என்பதே.

ஈண்டு ஒரு தடை எழும். "தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளார்க்கன்றோ இவ்வறிவுரை? குறைந்த வாடகைக்குக் கிடைத்த இடத்திற் குடியிருப்பார் என் செய்வர்?" என்பர். இத்தடை மெய்யே. அன்றியும், சாதியும் மதமும் உணவும் வினவி வீடு மறுப்பார் உள்ள நாட்டில், விரும்பிய தெருவில் வீடு பெறுதல் பலர்க்கு இயல்வதன்று. இவை யாவினும் நெஞ்சை வருத்துவது ஒன்றுண்டு. ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்கும் செம்மஞ்சேரிக்கும் பெயர்க்கப்பட்டன. அவையோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலங்கள். ஆற்றின் வெள்ளத்தினின்று மீட்கப்பட்டார், ஏரி வெள்ளத்தில் விடப்பட்டார். அவர்களை எவரும் நான்காம் வினாவைக் கேட்க விடவில்லை.

ஆனால், இத்தடை நம் கருத்தை வலுப்படுத்துமேயன்றி வீழ்த்தாது. வினவ இயலாதார் பலராயிருத்தலின், வினவ இயன்றார் வினவுதல் கடமையாகின்றது. படித்தவரும் ஊதியம் பெறுவோரும் ஏரிப்படுகை மனையை மறுப்பின் அதன் விலை வீழும். விலை வீழின் தூர்ப்பார் ஊக்கமும் தளரும். அவர்களே விரும்பி வாங்கின், அடுத்த ஏரியும் மனையாகும். அடித்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டி, "எம் வீட்டில் நீர் புகவில்லை" என்று மகிழ்வாரும் உளர். அந்நீர் எங்குச் சென்றது? அண்டை வீட்டிற் புகுந்தது. தன்னைப்போற் பிறனையும் நேசி என்னும் கட்டளை மனைக்கும் உரியதன்றோ? பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பரப்பில் எஞ்சியிருப்பதோ சிறுபகுதியே. எஞ்சியதைக் காப்பது சட்டத்தின் கையில் மட்டும் இல்லை. வீடு தேடுவோர் கையிலும் உள்ளது.

ஆகவே, சென்னை செல்லும் நண்பர்க்கு நாம் கூறுவன சில. வீடு பார்க்கச் சித்திரையிற் செல்லற்க; இயலுமாயின் ஐப்பசி கார்த்திகையில், மழை விட்ட மறுநாட் காலை செல்க. தரகரை மட்டும் நம்பற்க. அத்தெருவில் இருபதாண்டு வாழ்ந்த முதியவரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் வினவுக. 2015இல் நீர் எவ்வளவு ஏறியதென்று கேட்பின், அவர்கள் சுவரிற் கைவைத்தே காட்டுவர். புதுச்சாயம் அடித்த சுவரின் அடிப்பாகத்தை நன்கு நோக்குக. ஊர்ப்பெயரில் ஏரி, குளம், தாங்கல், கரணை என்னும் சொற்கள் வரின் ஒருமுறைக்கு இருமுறை ஆராய்க. தமிழ் கற்றார்க்கு இஃது எளிது. மனை வாங்குவார் வில்லங்கச் சான்றோடு அமையற்க. அது கடனைக் காட்டும், நீரைக் காட்டாது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் பழைய நில வரைபடத்தையும் கண்டு, அந்நிலம் ஏரியென்றோ ஓடைப் புறம்போக்கென்றோ குறிக்கப்பட்டுளதா என அறிக. 2003 முதல் தமிழ்நாட்டிற் கட்டடங்கட்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு, குழாயளவில் நிற்கின்றதா, நீர் உண்மையில் நிலத்துட் புகுகின்றதா என்பதையும் பார்க்க.

இவ்வாறு ஆராய்ந்தபின் இரு வீடுகள் ஒத்த வாடகையில் எஞ்சின், நாம் தேர்வது மேட்டு நிலத்துச் சிறிய பழைய வீடே. பள்ளத்துப் பெரிய புதுவீடு அன்று. அலுவலகம் அரைமணி தொலைவாயினும் ஆகுக. பயணத்தின் துன்பம் நாள்தோறும் சிறிது. வெள்ளத்தின் துன்பம் ஓரிரவிற் பெரிது. புதிய ஊர்க்குச் செல்வார் அங்குள்ள மக்களை வணங்கிப் புகுதல் மரபு. அவ்வூரின் நீரையும் அதன் பழைய வழியையும் அறிந்து, அதற்கு இடம்விட்டுப் புகுதலும் அவ்வணக்கத்தின் பாற்படும்.