அச்சகத்தை அடைத்தால் ஐயம் அகலுமா?

"நம்பாதவனுக்கு வேதத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?"

அம்பத்தூரில் நாம் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்திலே பெரியவர் ஒருவர் வீசிய கணை இது. விவிலியத்தைப் படித்த இளைஞன் ஒருவன், "மூவர் ஒருவராவது எங்ஙனம்?" என்று கேட்டான். கேள்விக்கு விடையில்லை; கேட்டவன்மீது விசாரணை!

பழைய கணைதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முனை மழுங்கிய கணை!

1820-இல் கல்கத்தாவில் இராம்மோகன் ராய், 'இயேசுவின் போதனைகள்' என்ற நூலை வெளியிட்டார். நற்செய்திகளின் அறவுரைகளைத் திரட்டினார், அற்புதங்களை விலக்கினார். சீறிற்று செராம்பூர்! பாப்டிஸ்ட் பாதிரிமாரின் 'ஃபிரண்ட் ஆஃப் இந்தியா' ஏடு, நூலை மதிப்பிட வந்து நூலாசிரியரை 'அஞ்ஞானி' என்றது. மார்ஷ்மன் திரித்துவத்துக்காக நெடிய வாதம் நிகழ்த்தினார்.

ராய் வசைக்கு வசை தொடுத்தாரா? இல்லை. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூல வசனங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். 1820, 1821, 1823 என மூன்று மறுமொழி நூல்கள்! முன்னிரண்டையும் அச்சிட்ட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம், மூன்றாவதை அச்சிட மறுத்தது. வாதம் வறண்டதும் வாசலடைப்பு! ராய் சொந்த அச்சகம் நிறுவி வெளியிட்டார். அவருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட வில்லியம் ஆடம் என்ற பாதிரியாரே, 1821-இல் திரித்துவத்தைக் கைவிட்டார்!

பாதிரிகள் மட்டுமா பாய்ந்தனர்? ராய் உபநிடதங்களை மொழிபெயர்த்தபோது, நம் சென்னை அரசுக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் சங்கர சாஸ்திரி உருவ வழிபாட்டுக்கு வக்காலத்து வாங்கினார். அவருக்கும் 1817-இல் அச்சிலேயே விடை கிடைத்தது.

ராயை நாம் தலையில் தூக்கிக் கூத்தாடவில்லை. 1833-இல் பிரிஸ்டலில் மறைந்தபோதும் அவர் மார்பிலே பூணூல் கிடந்தது. கையிலே பகுத்தறிவு, தோளிலே பூணூல்! முரணை மறவோம், முறையைக் கொள்வோம்.

தோழர்களே, நமக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பக்கமும் புரட்டாமல், மேடையிலே கைதட்டலுக்காக மறைநூலைக் கேலி செய்வோர் நம்மிடையே இல்லையா? அந்தக் கேலிக்கும் 'அஞ்ஞானி' என்ற ஏச்சுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் படிக்காமல் தப்பிக்கும் வழிகளே!

எதிர்க்கும் ஏட்டை எழுத்தெண்ணிப் படிப்போம். மறுப்பு வந்தால் மகிழ்வோம். மறுப்புக்கு மறுப்பைச் சான்றோடு தருவோம். அந்த இளைஞனுக்கு அடுத்த வாரமும் நம் வட்டத்தில் இடமுண்டு. பெரியவருக்கும் உண்டு — விடையோடு வரட்டும்!