மூளையில் எவ்வளவு இரும்பு?

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்த ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்துக்கொண்டது. அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு 'உங்கள் மூளையில் இரும்பு கூடியிருக்கிறது' என்று கேட்டால், தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

காந்தம் அதை இழுக்காது. அது உலோகத் துண்டல்ல; பெரும்பாலும் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடங்கிய இரும்பு. ஸ்கேனின் காந்தப் புலத்தை லேசாகக் குலைக்கும். அந்தக் குலைவைக் கொண்டே அளவைக் கணக்கிடுகிறார்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் மேலுறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய். (மும்பைப் பார்சிகளிடம் இது கணிசமாக உண்டு என்று 1990இல் டாக்டர் நோஷிர் வாடியாவும் சக ஆய்வாளரும் எழுதினார்கள்.) இந்த நோயாளிகளுக்கு மூளையின் ஆழத்தில் சில இடங்களில் இரும்பு கூடும், தலாமஸிலோ குறையும். சில தழும்புகளைச் சுற்றி இரும்பு விளிம்பு கட்டும். அங்கே அழற்சி இன்னும் புகைகிறது என்று பொருள். நோயை உறுதிசெய்ய அந்த விளிம்பு இப்போது உதவுகிறது. இரும்பின் அளவு மட்டும் இன்னும் ஆராய்ச்சியாளர் விவகாரம்தான்.

ரத்தத்து இரும்பு வேறு, மூளையின் இரும்பு வேறு. சோகைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முருங்கைக்கீரையையும்தான்.