நாகேஷுக்கு இழைத்த அநீதியைத் திருத்துங்கள்

2009 ஜனவரி 25 அன்று வெளியான பத்ம விருதுப் பட்டியலில் நகைச்சுவைக் கலைஞர் விவேக்கின் பெயர் இருந்தது. தகுதியான தேர்வு, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆறே நாளில், ஜனவரி 31 அன்று, விவேக்கின் தலைமுறை முழுவதும் யாரைப் பார்த்து வளர்ந்ததோ அந்த நாகேஷ் காலமானார். அரை நூற்றாண்டு நடித்தவருக்கு ஒரு பத்மஸ்ரீகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தோம். இது மன்னிக்கக்கூடிய மறதி அல்ல.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடக மேடை ஏறியவர் அவர். வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்களே வந்துபோன ஒரு வேடம் எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றது. கே.பாலசந்தரின் சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, எதிர்நீச்சல் மூன்றும் முதலில் மேடை நாடகங்கள். மேடையிலும் பிறகு திரையிலும் அவற்றின் நாயகன் நாகேஷ்தான். அம்மைத் தழும்பு முகமும் ஒல்லி உடம்புமாக வந்த ஒருவரைக் கதாநாயகனாக ஏற்று ரசிகர்கள் அழவும் செய்தார்கள்.

அவர் உடம்பே ஒரு வாத்தியம். திருவிளையாடலில் மண்டபத்தில் தனியே நின்று புலம்பும் தருமியைப் பாருங்கள்: ஆசை வந்ததும் நிமிர்கிற முதுகு, பயம் வந்ததும் அப்படியே ஒடுங்கிப்போகிறது. முப்பது ஆண்டு கழித்து மகளிர் மட்டும் படத்தில் பிணமாக நடித்தார். வசனம் கிடையாது, கண்ணசைவு கிடையாது; துவண்டு விழும் கைகாலை வைத்தே அரங்கைக் குலுக்கினார். அதே 1994இல் நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அவர் உடைந்து நின்றதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் உச்சத்தில் இருந்த அறுபதுகளில் அப்படியொரு பிரிவே தேசிய விருதில் இல்லை. 1984ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான் அது தொடங்கியது. சிரிக்க வைப்பவன் இரண்டாந்தரக் கலைஞன் என்ற எண்ணம் டெல்லியில் மட்டுமல்ல, சென்னையிலும் ஊறிக்கிடந்தது.

பத்ம விருதுக்கு மாநில அரசுகள் பரிந்துரைக்கின்றன. மத்திய அரசு தேர்வு செய்கிறது. தமிழகத்தை மாறி மாறி ஆண்டவர்கள் நாகேஷின் பெயரை அனுப்பினார்களா, இல்லையா? அனுப்பவில்லை என்றால் அது இங்கிருந்தவர்களின் குற்றம். அனுப்பியும் ஒதுக்கப்பட்டது என்றால் அது தேர்வுக் குழுவின் குற்றம். எதுவாயினும் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

மரணத்துக்குப் பிறகு திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. இறந்து ஓராண்டுக்குள் என்றால் தகுதி மிக்கவர்களுக்குப் பத்ம விருது வழங்கலாம் என்பது விதி. எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு 2021இலும் விஜயகாந்துக்கு 2024இலும் அப்படித்தான் வழங்கினார்கள். நாகேஷுக்கு அந்த வாய்ப்பு 2010 குடியரசு தினம். இளையராஜாவும் ஏ.ஆர்.ரஹ்மானும் பத்மபூஷண் பெற்ற அந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

இனி விதி இடங்கொடுக்காது என்று கைவிரிப்பதை ஏற்க முடியாது. 1946இல் மறைந்த மதன் மோகன் மாளவியாவுக்கு 2015இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1988இல் மறைந்த கர்பூரி தாக்கூருக்கு 2024இல் வழங்கப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த விருதுக்கே காலக்கெடு தடையில்லை என்றால் பத்ம விருதுக்கு மட்டும் ஏன் அந்த ஓராண்டு வேலி?

மத்திய அரசு அந்த வரம்பை நீக்க வேண்டும். தமிழக அரசு நாகேஷின் பெயரை முறைப்படி பரிந்துரைத்து, அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதம் பாராமல் வரும் கூட்டத்தொடரிலேயே இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.