பட்டை ஏத்தினா அப்கிரேடா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பழைய கார் பைத்தியங்கள் நாலஞ்சு பேர் கூடினோம். இட்லி, வடை, காபி, அப்புறம் பானெட்டைத் திறந்து வச்சுட்டு வெட்டிப் பேச்சு. ஒருத்தர் புதுசா ரீஸ்டோர் பண்ணின அம்பாசடரைக் கொண்டு வந்திருந்தார். பெயிண்ட் வேலை நிஜமாவே அருமை. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அதோட நிறுத்தியிருக்கலாம். டிக்கி மேல ரெண்டு கையையும் வச்சு, முழு பலத்தோட அமுக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, அசையுதா? பின்னாடி சைடுக்கு ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா. கேஸ் ஷாக்ஸ். சஸ்பென்ஷன் ஃபுல் அப்கிரேடு!" சுத்தி நின்னவங்க கை தட்டாத குறை.

எனக்கு வயித்தெரிச்சல். அங்கேயே சொல்லியிருக்கணும், வாயில வடை இருந்தது. அதனால இங்க கொட்டறேன். பொறுத்துக்குங்க மக்களே.

அசையவே கூடாதுன்னா எதுக்குய்யா ஸ்பிரிங்? ஆக்சிலை நேரா பாடியில வெல்டு வச்சுட்டுப் போயிடலாமே. மாட்டு வண்டி அப்படித்தான் இருக்கு, ஆயிரம் வருஷமா ஓடுது.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டான்னு கேட்டா, உண்டு. ஏன்னா இதே கூத்தை நானும் பண்ணியிருக்கேன். அப்பாவோட 1984 மாடல் அம்பாசடர். 2011ல பின்பக்கம் கொஞ்சம் தொங்கிப் போச்சுன்னு ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். "சார், பட்டை வீக் ஆயிடுச்சு. சைடுக்கு ரெண்டு ஏத்திடலாம், கல்லு மாதிரி இருக்கும்"னார் அந்த அண்ணே. நானும் தலையாட்டினேன். சொன்ன மாதிரியே கல்லு மாதிரிதான் இருந்தது. அம்மாவுக்கு ஏற்கனவே முதுகுத் தண்டுல தேய்மானம். ரெண்டு தடவை பின் சீட்ல வந்தாங்க. மூணாவது தடவை ஊருக்குக் கிளம்பறப்ப, "நீ கார்ல வாப்பா, நான் பஸ்ல வந்துடறேன்"னுட்டாங்க. அப்பா வாங்கின கார். அந்தப் பின் சீட்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல உட்கார்ந்து வந்தவங்க. டவுன் பஸ்ஸே பரவாயில்லைன்னு தோணற அளவுக்கு நான் அதை அப்கிரேடு பண்ணியிருந்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். அம்பாசடருக்குப் பின்னாடி இருக்கிறது ஒரே இரும்பு ஆக்சில், அதைத் தாங்க ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊர் பாஷையில கமான் பட்டை. இந்தப் பட்டைகளோட விறைப்பு எண்ணிக்கைக்கு நேர் விகிதத்துல ஏறும். ஆனா தடிமனுக்கு மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டை ஏழு இருக்கிற ஒரு கட்டுல, ஏதோ வேன்லேருந்து கழட்டின 8 மில்லிமீட்டர் பட்டையை அதே நீளத்துக்குச் சொருகினா, பார்க்க ஒண்ணுதான். கணக்குல அது ரெண்டேகால் பட்டைக்கும் மேல. அப்படி ரெண்டு சொருகினா விறைப்பு மூணுல ரெண்டு பங்கு கூடிப் போகும். பட்டறையில யாரும் வெர்னியர் வச்சு அளக்கறதில்லை. "ரெண்டு பட்டைதானே சார்."

இதுக்கு உடம்புல என்ன அர்த்தம்? சொகுசான காரோட பாடி தன் ஸ்பிரிங் மேல வினாடிக்கு ஒண்ணுலேருந்து ஒண்ணரை தடவை மெதுவா ஏறி இறங்கும். மனுஷன் நடக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய ரெண்டு அடி. அதனால இந்த வேகத்துல ஆடறது நமக்குப் பெரிசா உறுத்தாது. உட்கார்ந்திருக்கிறவனை ரொம்ப வதைக்கிறது வினாடிக்கு 4லேருந்து 8 தடவை வர்ற மேல் கீழ் அதிர்வு. வயிறும் முதுகும் குலுங்கறது அந்த இடத்துலதான். 1.4ல இருந்த பின்பக்கத்தை மேலே சொன்ன ரெண்டு பட்டை 1.8க்குக் கொண்டு போயிடும். கேட்க சின்ன வித்தியாசம். ஆனா ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ, அந்த 4-8 அதிர்வை அவ்வளவு தாராளமா மேல சீட்டுக்கு அனுப்பும்.

"சொகுசு போனா போகட்டும், வண்டி ரோட்டைப் பிடிக்குமே"ன்னு ஒரு பதில் வரும். பிடிக்காது. பின்பக்கம் தூக்கினதும் மூக்கு தாழ்ந்த மாதிரி தெரியும். உடனே முன்னாடி டார்ஷன் பாரைத் திருகி மூக்கையும் தூக்குவாங்க (உயரம்தான் ஏறும், விறைப்பு மாறாது. ஆனா சக்கரம் பள்ளத்துல இறங்க இருந்த இடம் குறைஞ்சு போகும்). விறைச்ச ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பரால அடக்க முடியாது, துள்ளும். துள்ளுதேன்னு கேஸ் ஷாக்ஸ். அதோட சேர்ந்து அந்த கனமான ஆக்சில், வளைவுல ஒரு சின்ன மேடு வந்தா தவளை மாதிரி குதிச்சு வெளிப்பக்கம் தள்ளும். தரையில இல்லாத டயருக்கு ஏதுங்க கிரிப்?

இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சா ஒரு விஷயம் பிடிபடும். டாக்ஸி ஸ்டாண்டுலேருந்து வந்தது. கல்யாணத்துக்குப் பாட்டி முதல் பேரன் வரை ஒன்பது பேர், மேல கேரியர்ல பாத்திரம், பண்டம், வாழைத்தார். அந்த டிரைவருக்குப் பட்டை ஏத்தினது நூத்துக்கு நூறு சரி. ஏத்தலைன்னா ஆக்சில் ரப்பர்ல போய் இடிச்சிருக்கும். அவர் சுமைக்காகப் பண்ணினார். நாம ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு காபி குடிக்கப் போற வண்டிக்கு அதே மருந்தைக் குடுத்துட்டு, பேரு மட்டும் அப்கிரேடுன்னு வச்சிருக்கோம்.

இதைக் காரே உருவாக்கினவங்க எப்படிப் பார்த்தாங்கன்னு சொல்றேன். நம்ம மெட்ராஸ்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கா? 1959ல இங்கிலாந்துல வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அது. பின்னாடி ஸ்விங் ஆக்சில், குறுக்கால ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். பள்ளத்துல சுகம். ஆனா வளைவுல வேகமாப் போய் பட்டுனு ஆக்சிலேட்டரை விட்டா, பின்பக்கம் எகிறி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும். நம்மாளுங்க கிட்ட விட்டிருந்தா அன்னிக்கே ரெண்டு பட்டை ஏத்தியிருப்பாங்க :-)

டிரையம்ப் நேர் எதிரா யோசிச்சது. அதே வம்சத்துல 1970ல வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4ல, குறுக்கு ஸ்பிரிங்கோட பெரும்பாலான பட்டைகளை நடுவுல இறுக்காம, ஊஞ்சல் மாதிரி ஆட விட்டாங்க. ரெண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டுல ஏறினா முழு ஸ்பிரிங்கும் தாங்கும். வளைவுல வண்டி சாயறப்ப மட்டும் பட்டைகள் சும்மா ஊசலாடும், பின்பக்கம் எகிறாது. அதனால கூடற சாய்வைப் பிடிக்க முன்னாடி தடிச்ச ஆன்ட்டி ரோல் பார். சொகுசு அப்படியே இருந்தது, ஆபத்து குறைஞ்சது. நம்ம ஊர்ல ஸ்விங் ஆக்சிலை ஓனருக்கும் பிடிக்கலை, மெக்கானிக்குக்கும் பிடிக்கலை. 1970கள்ல ஹெரால்டுக்கு அடுத்து வந்த கேஸல்ல அதைத் தூக்கிட்டு சாதாரண இரும்பு ஆக்சிலைப் போட்டுட்டாங்க. நம்ம ரோட்டையும் ரிப்பேரையும் நினைச்சா புரியுது. இருந்தாலும் எனக்கு இன்னும் மனசு ஆறலை.

அம்பாசடருக்கு என்ன பண்ணணும்? நான் பண்ணினதைச் சொல்றேன். 2016ல அந்த எக்ஸ்ட்ரா பட்டைகளைக் கழட்டி எறிஞ்சேன். கட்டை முழுசாப் பிரிச்சா, பட்டைக்குப் பட்டை நடுவுல துரு, மண், காய்ஞ்ச கிரீஸ். பட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினாத்தான் ஸ்பிரிங் வேலை செய்யும். துரு பிடிச்ச கட்டுல சின்ன மேடுக்கெல்லாம் பட்டை நகரவே நகராது, டயர் மட்டும்தான் சஸ்பென்ஷன். "வீக்"னு பட்டம் வாங்கின ஸ்பிரிங்கோட பாதி நோய் இதுதான். துருவைத் தேய்ச்சு எடுத்து, ஒவ்வொரு பட்டையோட நுனியும் மேல் பட்டையைக் கீறாம மழுங்கத் தீட்டி, நடுவுல வழுக்கற பிளாஸ்டிக் துண்டு வச்சேன்.

தொங்கினதுக்கு மருந்து வளைவெடுக்கறது. ஆனா பச்சை இரும்பா வச்சு சம்மட்டியால அடிச்சா சில மாசத்துல மறுபடி தொங்கும். காய்ச்சி வளைச்சு, எண்ணெய்ல தோய்ச்சு, மறுபடி அளவாச் சூடு காட்டிப் பதம் பண்ற இடமாப் பார்த்துக் குடுங்க. நான் அலைஞ்சுதான் கண்டுபிடிச்சேன்.

அடுத்து புஷ். இதைத் தயவு செஞ்சு தடிச்ச எழுத்துல படிங்க: ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்ல தொங்கறப்ப முறுக்காதீங்க. சக்கரம் தரையில இறங்கி, வண்டியோட எடை ஸ்பிரிங் மேல உட்கார்ந்த அப்புறம் முறுக்குங்க. இல்லைன்னா ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும், பின்பக்கமும் விறைப்பா இருக்கும். நான் பார்த்த பட்டறைகள்ல பாதிப் பேர் இதைப் பண்றதில்லை. சொன்னா முறைப்பாங்க. முறைக்கட்டும். பாலியூரித்தேன் புஷ் வேணாமான்னா, ரேஸுக்குப் போறவங்க போட்டுக்கட்டும். சத்தமும் அதிர்வும் நேரா பாடிக்கு வரும்.

ஷாக் அப்சார்பர் சாதாரண ஆயில் டைப்பே போதும். உங்க வண்டி எடைக்கானதா இருக்கணும், ஜீப்புக்கானதா இருக்கக் கூடாது. புதுசா பிராக்கெட் வச்சு மாட்டறவங்க ரொம்பச் சாய்ச்சு மாட்டாதீங்க. 45 டிகிரி சாய்ஞ்சா பாதி வேலைதான் செய்யும்.

"வளைவுல சாயுதே"ன்னா ஆன்ட்டி ரோல் பார் போடுங்க. ரெண்டு சக்கரமும் சமமா ஏறி இறங்கறப்ப அது குறுக்கே வராது, சாயறப்ப மட்டும் பிடிக்கும். கிளம்பறப்ப ஆக்சில் முறுக்கிக்கிட்டு உதறினா அதுக்குத் தனி கம்பி இருக்கு, ஆக்சில்லேருந்து பாடிக்கு. நீளமும் கோணமும் ஸ்பிரிங்கோட முன்பாதி போற வளைவோட ஒத்துப் போகணும், இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். நோய்க்கு ஒரு மருந்துன்னு போனா செலவும் குறைவு. எல்லா நோய்க்கும் பட்டைன்னு யாராவது சொன்னா சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

"நம்ம ரோட்டுக்கு ஸ்ட்ராங்கா இருக்கணும் சார்"ங்கறவங்களுக்கு ஒரே கேள்விதான். மோசமான ரோட்டுல சக்கரம் அதிகமா ஏறி இறங்கணுமா, குறைவாவா?

பி.கு.: அம்மா இப்ப பின் சீட்லதான் வர்றாங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பாதி வழி தூங்கிட்டாங்க. இடது பக்க ஷேக்கிள் மட்டும் இன்னும் கீச்சுனு கத்துது. ரெண்டு தடவை கழட்டிப் பார்த்துட்டேன், பிடிபடலை. அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.