பார்த்துச் சொன்னதுக்கும் காசு குடுப்பம்

பற்றறி மாத்தின பைக், மாத்தி ஐந்தாவது கிழமை ஆனையிறவில் நின்றது. கிளிநொச்சியில் ஒரு நிகழ்வுக்குப் போய்விட்டு ரெண்டு பைக்கில் நாலு பேராக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறரை தாண்டியிருக்கும். முதல் ஹெட்லைற் மஞ்சளாகி மங்கியது. பிறகு ஹோன் தொண்டை கட்டின மாதிரி முனகியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ரெண்டு தரம் இருமிப்போட்டு அடங்கிப்போனது. ரெண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் நாங்கள். பொறியியல் பீடம் கிளிநொச்சியில், கலைப்பீடம் திருநெல்வேலியில், எங்கட பைக் சரியா ரெண்டுக்கும் இடையில நிண்டிட்டுது எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது. அந்த நேரம் ஒருத்தரும் சிரிக்கேல்ல.

செத்த பைக்கை மற்றப் பைக்கில் இருந்து காலால் தள்ளிக்கொண்டு இயக்கச்சிப் பக்கம் வந்தோம். கராஜ் ஒன்றும் திறந்திருக்கவில்லை. தண்ணிப்பம்பு மோட்டருக்கு வைண்டிங் செய்கிற ஒரு சின்னக் கடையில் மட்டும் லைற் எரிந்தது. அங்கிருந்த ஐயா, "நான் பைக் வேலை செய்யிறேல்ல தம்பி" எண்டுதான் முதல் சொன்னார். பிறகு எங்கட முகத்தைப் பார்த்துப்போட்டு மீற்றரை எடுத்தார்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். தன்னுடைய கடையில் கிடந்த நல்ல பற்றறி ஒன்றை வயரால் குடுத்து பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். ஸ்டார்ட் பண்ண முதல் அந்தப் பற்றறி 12.6 வோல்ற் காட்டியது. எஞ்சின் ஓட, ரேஸ் பண்ணச் சொல்லி திரும்பப் பார்த்தார். 12.4. "ஓடேக்கை பதினாலு கிட்ட நிக்கவேணும். இது இறங்குது. உங்கட பற்றறியில பிழையில்லை தம்பி, அதுக்குச் சாப்பாடு போகேல்ல." பிறகு எஞ்சினுக்குள் இருக்கும் கொயிலில் இருந்து வருகிற மஞ்சள் வயர்களைக் கழற்றி மீற்றரை ஏசிக்கு மாற்றி வைத்தார். ரேஸ் பண்ணப் பண்ண வோல்ற் ஏறியது. ஆகவே கொயில் நல்லம், கரண்ட் பிறக்குது. பிறந்த கரண்ட் பற்றறிக்குப் போகிற வழியில் எங்கேயோ நிற்குது. அந்த வழியில் இருப்பது ரெகுலேற்றர். ரெகுலேற்றரின் சொக்கற்றைக் கழற்றினால் ஒரு பின் பச்சை பிடித்து, பக்கத்துப் பிளாஸ்ரிக் கருகி உருகிக் கிடந்தது. உப்புக்காற்றும் மழைத்தண்ணியும் செய்த வேலை. அஞ்சு கிழமையும் தொட்டும் தொடாமலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போயிருக்கிறது, கடைசியில் முழுசாய் விட்டிட்டுது.

கருகினதை வெட்டி வேறு சொக்கற் போட்டார். மீற்றர் 14.1 காட்டியது. சொக்கற்றுக்கும் எங்கட பற்றறியைக் கொஞ்சம் சார்ஜில் விட்டதுக்கும் முந்நூறு ரூபாய் வாங்கினார். அரை மணித்தியாலம் நின்று தேடினதுக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் குடுக்கவில்லை. நன்றி ஐயா எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டம்.

முதல் தரம் பற்றறி மாத்தின கராஜுக்கு (பேர் வேண்டாம்) அடுத்த நாள் போய் விசயத்தைச் சொன்னோம். "அப்ப பற்றறி இறங்கித்தானே இருந்தது, இறங்கினா மாத்தத்தானே வேணும்" என்றார்கள். நியாயம் மாதிரித்தான் இருக்கும். பற்றறி ஏன் இறங்கினது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஓடுகிற எஞ்சினில் மீற்றரை ரெண்டு முனையிலும் ஒருக்கால் வைக்க ஒரு நிமிசம் போதும். 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் சரி. ஏறாமல் 12 இலேயே நின்றால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் கட்டுப்பாட்டை விட்டிட்டுது, புதுப் பற்றறியையும் அவிச்சுப்போடும், பல்ப்புகளையும் எரிச்சுப்போடும். இந்த மூன்று இலக்கமும் தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு பற்றறிக் காசு மிச்சம்.

கோபம் எங்களுக்கும் வந்தது. ஆனால் ஆறுதலாக இருந்து யோசித்தால் பிழையில் பாதி எங்கட பக்கம். கராஜில் நாங்கள் எதுக்குக் காசு குடுக்கிறம்? மாத்தின சாமானுக்கு. பிறகு "கூலி" என்று கொஞ்சம். ஒரு மெக்கானிக் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு ஒரு வயர் கழன்றிருக்கு என்று கண்டுபிடித்துச் சொருகிவிட்டால், "ஒரு வயர் சொருகினதுக்கு ஆயிரமோ?" எண்டு கேட்கிற ஆக்கள்தானே நாங்கள். அதே ஆள் ஒன்றையும் பார்க்காமல் சீடிஐயும் கொயிலும் மாத்திப் பன்னிரண்டாயிரம் எழுதினால் பேசாமல் குடுக்கிறம், கையில் சாமான் இருக்கெல்லோ. இப்படி இருக்கையில் அவர் ஏன் தேடவேணும்? தேடினால் நட்டம், மாத்தினால் லாபம். டொக்டர் மருந்து எழுதாமல் "ஒண்டுமில்லை, போங்கோ" எண்டு சொன்னாலும் சனலிங் காசைக் குடுத்துப்போட்டுத்தான் வாறம். மெக்கானிக்குக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை.

இது காசுக் கதை மட்டும் இல்லை. எங்கட வீடுகளில் கராஜ் என்றால் என்ன? ஓ.எல். சரிவராத பெடியனை "கராஜிலயாவது விடு" எண்டு விடுகிற இடம். அந்த "யாவது" இருக்கே, அதுக்குள்ளேயே எல்லாம் இருக்கு. ஒரு அறிகுறியைப் பார்த்து நாலு காரணத்தை யோசித்து, ஒவ்வொன்றையும் சோதித்துக் கழித்து, மிஞ்சினதைப் பிடிக்கிற வேலையைக் கையில் ஒயில் பிரண்டிருக்கு எண்டதுக்காக மூளை வேலை இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறோம். நாங்கள் கலைப்பீடத்தில் ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம் படிக்கிறோம். கருதுகோள், அதைச் சோதித்தல், நிராகரித்தல். நாலு பேரும் அதில் நல்ல புள்ளி. ஆனையிறவில் நின்றபோது அந்த நாலு பேரும் செய்த ஒரே சோதனை, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தது.

றொபேர்ட் பேர்சிக் 1974 இல் எழுதிய 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற புத்தகத்தில் ஒரு இடம் இருக்கிறது. கூட வருகிற நண்பரின் பிஎம்டபிள்யூவில் ஹாண்டில் வழுக்குது. பியர் ரின்னை வெட்டி இடையில் வைத்தால் இறுகிவிடும் என்று கதைசொல்லி சொல்ல, நண்பருக்கு அவமானமாகப் போய்விடுகிறது. இவ்வளவு விலையான மெசினுக்குப் பியர் ரின்னோ என்று. எங்கட ஊர் ஆக்களுக்கு அந்த இடம் விளங்குறது கஷ்டம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் பைக் ஓட்டின சனம் நாங்கள், சரியாகச் சொன்னால் எங்கட அப்பாமார். மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் லேசில் ஆவியாகாது. அதனால் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரிப்பிடிக்கும், கழற்றித் தேய்த்துப் போடுவார்கள். ஏன் பிடிக்குது, எப்ப தேய்க்கவேணும் என்பதெல்லாம் வாத்திமாருக்கும் கிளாக்கர்மாருக்கும் தெரிந்திருந்தது. அதை வீரக்கதையாக்க எங்களுக்கு விருப்பமில்லை, அது கஷ்டத்தில் படிச்சது. ஆனால் அந்த அறிவு ஒரு தலைமுறையில் எங்கே போனது என்று கேட்கலாம்தானே.

கஷ்டம் ஒன்றும் முழுசாய்ப் போகவும் இல்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திரும்பத் திறக்க 2025 ஆனது. அந்த அஞ்சு வருசமும் பழசைத்தான் ஓட்டினோம், இப்பவும் எங்களில் கனபேர் ஓட்டுவது அதே பழசுதான். 2022 இல் கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஓட்டாமல் மாசக்கணக்கில் விட்ட பைக்குகளில் பெற்றோல் கார்பரேற்றருக்குள்ளேயே நின்று பிசினாகி, மெல்லிய ஜெற் ஓட்டைகளை அடைத்தது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்தால் நிற்கும், ஐடிலில் நிற்கவே நிற்காது. இது அந்த அடைப்பின் அடையாளம். கழற்றிக் கழுவினால் சரி. அந்த நேரம் புதுக் கார்பரேற்றர் வாங்கிப்போட்ட ஆக்களை எங்களுக்குத் தெரியும்.

அப்ப குறைந்தது என்ன தெரிந்திருக்கவேணும்? எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த பெற்றோல், சரியான நேரத்தில் பொறி, அமுக்கம். பைக் நின்றால் இந்த மூன்றில் எது இல்லை என்பதுதான் கேள்வி. அதுக்கும் முதல், வெட்கத்தை விட்டிட்டு கில் சுவிச்சைப் பாருங்கள். எங்களில் ஒருத்தர் கில் சுவிச் ஓஃபில் கிடக்க பரமேஸ்வராச் சந்தியில் இருந்து உருட்டிக்கொண்டு போனவர், பேர் சொல்லமாட்டம். பிறகு பெற்றோல், ரிசேவ். சில கிலோமீற்றர் ஓடி நின்று, கொஞ்சம் ஆற விட்டால் திரும்ப ஓடுகிற பைக் என்றால் ராங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கிற காற்றுத்துளை அடைபட்டிருக்கு. அதைக் குத்திவிட்டால் முடிந்தது.

பெற்றோல் வருது என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் நிறைய கதை சொல்லும். மண்ணிறமாக இருந்தால் நல்ல எரிவு. காய்ந்த கரியாக இருந்தால் பெற்றோல் கூட, இல்லாட்டி ஏர் கிளீனர் அடைப்பு. ஒயில் பிசுபிசுத்தால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஒயில் மேலே வருது, அது செலவுதான். வெள்ளையாக வெளிறியிருந்தால் பெற்றோல் காணாமல் எஞ்சின் கூடச் சூடாகுது. பிளக்கைத் தொப்பியில் சொருகி, அதின்ர இரும்பு உடம்பு எஞ்சினில் முட்ட வைத்துக் கிக் பண்ணினால் நீலப் பொறி அடிக்கவேணும். பிளக் ஓட்டைக்குக் கிட்டப் பிடிக்காதையுங்கோ, உள்ளுக்கிருந்து வருகிற பெற்றோல் ஆவி பத்தும். வெறுங்கையால் பிளக்கையும் பிடிக்காதையுங்கோ, ஒருக்கால் பிடிச்சால் பிறகு சொல்லத் தேவையில்லை. மழைக்குள் நின்ற பைக் என்றால் முதல் தொப்பியைத் துடைத்துக் காயவிடுங்கள், கனதரம் அவ்வளவுதான்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிற பழக்கத்தை விடவேணும். பியூஸ் எரிஞ்சது உங்கட வயரைக் காப்பாற்ற. ஈயத்தாள் எரியாது, வயர் எரியும், வயரிங் ராங்கிக்குக் கீழாலதான் போகுது. அதே அளவில் புதுசு போட்டும் திரும்ப எரிஞ்சால் எங்கேயோ சோட். அனேகமாக ஹாண்டில் திரும்புகிற இடத்தில் வயர் உரஞ்சியிருக்கும், இல்லாட்டிப் பிறகு பூட்டின எல்ஈடி லைற், ஹோன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடேலாது. எங்களில் ரெண்டு பேர் பெண்கள், ரெண்டு பேரும் சொந்தமாக ஸ்கூட்டர் ஓடுறவை. கராஜில் அவை கேட்கிற கேள்விக்குப் பதில் பக்கத்தில் நிற்கிற பெடியனுக்குத்தான் சொல்லப்படும். ஸ்கூட்டரில் அரிச்சுவடியும் தெரியாத பெடியனாக இருந்தாலும். "பிள்ளை, அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பினதும் நடந்திருக்கு. இரவு ஏழு மணிக்கு வெறும் ரோட்டில் வண்டி நிற்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே பயம் இல்லை. ஆனையிறவில் பெடியள் ரெண்டு பேரும் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பிள்ளையள் ரெண்டு பேரும் வருகிற போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவை. அந்த வித்தியாசம் எங்களுக்கு விளங்கினது, அவை பிறகு சொன்ன பிறகுதான். இப்ப எங்களுக்குள் பிளக் கழற்றுவதில் கெட்டிக்காரி அவையில் ஒருத்திதான்.

புதிய இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் கார்பரேற்றரே இல்லை, பிழையை மீற்றர் போர்ட்டில் மினுங்குகிற லைற் சொல்லும், வீட்டில் நோண்டேலாது என்று ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான். ஆனாலும் அதுக்கும் பற்றறி இருக்கு, பியூஸ் இருக்கு, பச்சை பிடிக்கிற சொக்கற் இருக்கு. பிழைக்குறியீட்டை வாசிக்கிற மெக்கானிக்குக்கும் வாசித்ததுக்குக் காசு குடுக்கத்தான் வேணும்.

நாங்கள் இப்ப கராஜுக்குப் போனால் ரெண்டு விசயம் சொல்கிறோம். "அண்ணை, முதல் என்ன பிழை எண்டு பாருங்கோ, பார்த்ததுக்குத் தனியாத் தாறம்." மற்றது, "என்னத்தை வச்சு அது எண்டு சொல்லுறியள்?" முதலாவதைச் சொல்லாமல் ரெண்டாவதைக் கேட்டால் சண்டைதான் வரும், அனுபவம். ரெண்டையும் சொன்னால் சில பேர் சிரிக்கினம், சில பேர் பைக்கைத் திறந்து காட்டி அரை மணித்தியாலம் படிப்பிக்கினம். இயக்கச்சி ஐயாவிடம் போன மாதம் திரும்பப் போய் அரை மணித்தியாலத்துக்கான காசை நீட்டினோம். "விசரே உங்களுக்கு" எண்டு கேட்டுப்போட்டு, பாதியை வாங்கினார்.

நாலு பேரும் சேர்த்து ஒரு டிஜிற்றல் மீற்றர் வாங்கியிருக்கிறோம், ஒரு சோடி நல்ல செருப்பு விலைதான். சீற்றுக்குக் கீழே பிளக் சாவி, ஒரு உதிரிப் பிளக், 10, 15 அம்பியர் பியூஸ் ரெண்டு ரெண்டு, கொஞ்ச வயர், இன்சுலேசன் ரேப். சனிக்கிழமை பின்னேரங்களில் கன்ரீனுக்குப் பின்னால் மரத்துக்குக் கீழே நிற்பம். மீற்றர் எங்களிட்ட இருக்கு, ஸ்டார்ட் ஆகாத பைக்கை நீங்கள் உருட்டிக்கொண்டு வாங்கோ.