கோல்ஃப் மைதானத்துக் கறுப்புக் கண்ணாடியும் கொழுந்து மலைக் கண்களும்

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி கடந்த மாதம் ஒரு நாள் காலையிலேயே வந்து நின்றார். "அத்தான், கோல்ஃப் விளையாடேக்க போட ஒரு நல்ல கூலிங் கிளாஸ் வாங்க வேணும். நீங்களும் வாங்கோ" என்றார். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவனுக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் நம்பிக்கொண்டிருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை உண்டு. நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. இருந்தாலும் போனேன்.

கொழும்பில் பெரிய கடை. விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்தவை மிகக் கறுப்பானவை. விலையும் அந்தக் கறுப்புக்கேற்றபடியே இருந்தது. ஒன்றின் விலை, மாதம் முழுவதும் மலையேறும் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைத் தாண்டியது. நான் கேட்டது ஒன்றுதான்: புற ஊதாக் கதிரை இது எவ்வளவு தடுக்கும்? அதற்கு அவர் தந்த பதில், "நல்ல டார்க் சேர்".

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கண்ணாடியின் கறுப்புக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றலுக்கும் தொடர்பே இல்லை. 400 நானோமீற்றர் வரையிலான கதிர்களைத் தடுப்பதைத்தான் 'யூவி 400' என்று குறிப்பிடுகிறார்கள். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே அணியாமலிருப்பதைவிடக் கெடுதல் செய்யக்கூடும். இருளில் கண்மணி விரிகிறது; விரிந்த வாசல் வழியாகக் கதிர் தாராளமாக உள்ளே போகிறது. இதற்கு மாறாக, பொலிகார்பனேற் என்ற பொருளாலான வில்லை நிறமே இல்லாதிருந்தாலும் புற ஊதாக் கதிரை இயல்பாகவே தடுக்கிறது. பந்து வந்து அடித்தாலும் எளிதில் உடையாது.

கோல்ஃபுக்கென்று வேறு சில கணக்குகளும் இருக்கின்றன. பச்சைப் புல்லில் மேடு பள்ளம் தெரிய வேண்டும். அதற்குப் பழுப்பு, செம்மஞ்சள் சாயல் வில்லைகள் சாம்பல் நிறத்தைவிட உதவுகின்றன. கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்ட் வகை தண்ணீர்ப் பரப்பைப் பார்க்க நல்லது. ஆனால் புல்லின் மினுமினுப்பை வைத்து அதன் சாய்வைக் கணிக்கும் ஆட்டக்காரர் சிலர் அதை விரும்புவதில்லை. தலையைக் குனிந்து பந்தைப் பார்ப்பதால் கீழ் விளிம்பு தடிப்பான சட்டம் இடைஞ்சல். ஐம்பது வயதைக் கடந்தோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கீழ்ப்பாதியில் வாசிப்புக்கான வில்லை வைத்த கண்ணாடியோடு ஆடினால், காலடியில் கிடக்கும் பந்து மங்கலாகிவிடும். 2001இல் டேவிட் டுவால் முகத்தைச் சுற்றி வளைந்த கறுப்புக் கண்ணாடியுடனேயே பிரித்தானிய ஓப்பன் கிண்ணத்தை வென்றார். கோல்ஃப் கண்ணாடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

தம்பி இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பழுப்பு வில்லையைத் தெரிவு செய்தார். மறுநாள் என்னையும் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்துக்கு அழைத்துப் போனார்.

1879இல் காலிமுகத் திடலில் தொடங்கி, 1896இல் இன்றைய ரிட்ஜ்வே திடலுக்கு மாறிய கழகம் அது. அதன் நடுவே ஒரு ரயில் பாதை ஓடுகிறது. வண்டி வரும்போது ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார்கள். அது களனிவெளிப் பாதை. எங்கள் சப்ரகமுவையின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுவரவென்றே வெள்ளையர் போட்ட பாதை. 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், பின்னர் ஒப்பநாயக்கவுக்கும் நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதியை மூடிவிட்டார்கள். அந்தக் குறுகிய தண்டவாளத்துச் சிறு வண்டியில் கொழும்புக்கு வந்த கதையை என் தந்தை சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டார். ஒருவேளை அவரும் சன்னல் வழியே இந்தத் துரைமார் காத்து நிற்பதைப் பார்த்திருக்கலாம்.

மைதானத்தில் என் கண் போனது பந்தின் மீதல்ல. பை தூக்கி நடந்தவர் மீது. பந்து விழும் இடத்தைக் கவனித்து வைத்துச் சொல்ல வேண்டியது அவருடைய வேலை. ஆகவே வானத்தை அதிகம் அண்ணாந்து பார்ப்பவர் அவர். அவரிடம் கண்ணாடி இல்லை, தொப்பி மட்டும்தான்.

அந்தக் காட்சி என்னைப் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு இழுத்துச் சென்றது. என் சின்னம்மா அங்கே கொழுந்து பறித்தவர். பதின்மூன்று வயதில் கூடை கட்டியவர். மலையில் அவருடைய நிறையைத் தொடர்ந்து வரமுடியாமல் மற்றப் பெண்கள் திணறுவார்களாம். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அவருடைய கூடையில் முற்றிய இலையும் காம்பும் சேரத் தொடங்கின. கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அள்ளிப் பார்த்துவிட்டு ஏசுவார். இறாத்தல் குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. "வயசாச்சு, சோம்பல் புடிச்சிருச்சு" என்றார்கள். அவரும் அதை நம்பினார். எங்கள் குடும்பமே நம்பியது. நானும் நம்பினேன் என்பதை இங்கே எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். சனத்தின் துயரைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மாவுக்கு வந்தது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எவருக்கும் வருவது. இரண்டு இலையும் ஓர் அரும்பும் கையெட்டும் தூரத்தில் மங்கலாகிவிட்டன. கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் சில நூறு ரூபாவுக்கு இன்றும் விற்கிற வாசிப்புக் கண்ணாடி ஒன்று போதுமாயிருந்திருக்கும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 2017இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2018இல் லான்செற் குளோபல் ஹெல்த் சஞ்சிகையில் வெளிவந்தது. நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 கொழுந்து பறிப்போரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு மட்டும் கிட்டப்பார்வைக்கான கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றோரின் நாளாந்தப் பறிப்பு சுமார் 25 கிலோவிலிருந்து 35 கிலோவுக்கு உயர்ந்தது. பெறாதோருடையது 26இலிருந்து 31 அளவில் நின்றுவிட்டது. இரு பகுதியினருக்குமிடையிலான வித்தியாசம் 21.7 சதவீதம். ஐம்பதைத் தாண்டியோரிடம் அது இன்னும் அதிகம், 30 சதவீதத்துக்கும் மேல்.

சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் உற்பத்தித்திறனைப் பற்றிக் கம்பனிகள் சொல்லாத நாளில்லை. 2021இல் 1,000 ரூபா கொடுக்கும்போதும் அதைத்தான் சொன்னார்கள். 2024இல் 1,350 ஆனபோதும் அதைத்தான் சொன்னார்கள். இத்தனை கிலோ பறித்தால்தான் பேர் என்று தராசைக் காட்டுகிறவர்கள், தராசுக்கு முன்னால் நிற்பவரின் கண்ணைப் பார்த்தார்களா?

கொழுந்து மலைக்குக் கறுப்புக் கண்ணாடி கேட்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெயில் கண்ணுக்குக் கெடுதிதான். வெள்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும், கண்புரை விரைவில் வருவதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமது நாட்டில், மெல்லிய முகில் மூடிய நாளிலும் அதிற் பெரும்பங்கு இறங்கிவிடுகிறது. ஆனால் கொங்காணியைத் தலையில் போட்டு நாள் முழுதும் குனிந்து பறிப்பவருக்கு முதல் தேவை கிட்டப்பார்வை. அந்த வாசிப்புக் கண்ணாடியையே பொலிகார்பனேற்றில் கொடுத்தால் கதிருக்கும் அது தடுப்பாகும். கேகாலையின் இறப்பர் மலைகளில் கதை வேறு. விடியுமுன்னே, மரநிழலில் பால் வெட்டுகிறார்கள். அங்கே கறுப்புக் கண்ணாடி ஆபத்து. பட்டையை மில்லிமீற்றர் கணக்கில் சீவும்போது தெறிக்கும் சீவலுக்கும், பாலை உறைய வைக்கச் சேர்க்கும் அமிலத்துக்கும் நிறமில்லாத காப்புக் கண்ணாடிதான் வேண்டும்.

மழையில் கண்ணாடி நனையும், வியர்வையில் மங்கும், யார் போடப்போகிறார்கள் என்று ஒரு தோட்ட அதிகாரி என்னிடம் சொன்னார். உண்மைதான், நனையும். அசாமிலும் மழை பெய்கிறது. அங்கே பெரும்பாலானோர் போட்டார்கள்.

இதற்குப் பெரிய திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. கையளவு அட்டையில் அச்சிட்ட எழுத்தை நாற்பது சென்றிமீற்றர் தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். எழுத்தறியாதவருக்கு எழுத்துக்குப் பதில் படம். தோட்ட வைத்திய உதவியாளர் ஒரு முற்பகலில் ஒரு பிரிவையே முடித்துவிடலாம். கம்பளி கொடுப்பதைப்போல, நாற்பது கடந்த எல்லோருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கொரு தடவை ஒரு சோடிக் கண்ணாடி. எந்தத் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் இப்படியொரு வரியை நான் இதுவரை கண்டதில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் எழுதிக்கொண்டு போகட்டும்.

தம்பி கடந்த வாரம் இலண்டன் திரும்பினார். போகுமுன், சின்னம்மாவின் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பலாங்கொடைக்குப் போகவேண்டும்.