புத்தகத்தை மூடிவிட்டு வரையட்டும்

இதயச் செயலிழப்பால் படுத்திருக்கும் ஒரு நோயாளியைப் பற்றி பி.எஸ்சி. நர்சிங் மாணவி வெவ்வேறு பாடங்களில் படிக்கிறார். ஃபுரோசமைடு சிறுநீரைப் பெருக்கும்போது பொட்டாசியமும் சேர்ந்து வெளியேறும் என்கிறது மருந்தியல். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்கிறது இன்னொரு பாடம். டிகாக்சின் கொடுக்கும் முன் முழுதாக ஒரு நிமிடம் நாடி பார்க்க வேண்டும், 60-க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது செய்முறை வகுப்பில் வருகிறது. பொட்டாசியம் குறைந்தவருக்கு டிகாக்சின் எளிதில் நஞ்சாகும் என்ற இணைப்பு புரியாமலே மூன்று கேள்விகளுக்கும் சரியாக விடை எழுதிவிடலாம். வார்டில் அந்த இணைப்புதான் உயிர். நோயாளியை நடுவில் வைத்து நோய், மருந்து, ரத்தப் பரிசோதனை, கவனிப்பு என்று கிளை பிரித்து, கிளைகளுக்கிடையே அம்புக்குறி போடும் மன வரைபடம் அதைத் தேட வைக்கிறது. செவிலியர் கல்லூரிகள் இதைச் சுயகற்றலின் முறையான பகுதியாக ஏற்க வேண்டும்.

இதற்கு எதிராக வலுவான சான்று ஒன்று உண்டு. மன வரைபடத்தின் நெருங்கிய உறவான கருத்து வரைபடத்தை ஜெஃப்ரி கார்பிக்கும் ஜானெல் பிளன்ட்டும் சோதித்து, 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாடத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் சிறப்பாக விடையளித்தனர். ஆனால் அதே இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரைந்த வரைபடம் பத்தியாக எழுதிப் பார்ப்பதற்கு இணையான பலனைத் தந்தது. குறை வரைபடத்தில் இல்லை, திறந்து கிடந்த புத்தகத்தில் இருந்தது. ஆசிரியர் அச்சிட்டுக் கொடுக்கும் வரைபடமும், வண்ணப் பேனாவின் அழகுக்காக இன்டர்னல் மார்க் போடுவதும் இந்த முறையின் பலனையே கெடுத்துவிடும். மாணவி முதலில் மனத்திலிருந்து வரைய வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன கிளைகளை வேறு நிறத்தில் சேர்க்க வேண்டும். தனக்கு எது தெரியவில்லை என்பதை யாரும் சொல்லாமலே அந்த நிறம் காட்டிவிடும்.

நேரமில்லை என்ற ஆட்சேபம் நியாயமானது. கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களிடம் இன்னொரு ரெக்கார்டைச் சுமத்துவது கொடுமை. ஆகவே சேர்க்க வேண்டாம், மாற்றிக்கொடுங்கள் என்கிறோம். செவிலியர் குறிப்பைத் தெளிவான வாக்கியங்களில் எழுதும் பயிற்சி தொடர்ந்தே ஆக வேண்டும். பழைய ரெக்கார்டைப் பார்த்து நகலெடுக்கப்படும் கேர் பிளான்களில் சிலவற்றைக் கைவிடுவதால் நட்டமில்லை. தவறான அம்புக்குறி மனத்தில் பதிந்துவிடாதா என்று கேட்கலாம். பல பக்கக் கட்டுரையில் ஒளிந்துகொள்ளும் பிழை, ஒரு பக்க வரைபடத்தில் ஆசிரியரின் கண்ணில் உடனே படும். பிளஸ் டூ வரை தமிழில் படித்து வந்தவர்களுக்கோ இது பெரிய ஆறுதல்: ஆங்கில வாக்கியத்தோடு மல்லுக்கட்டாமல், தெரிந்த சொல்லில் காரணத்தையும் விளைவையும் முதலில் பிடித்துக்கொள்ளலாம்.

இந்திய செவிலியர் கவுன்சில் 2021-இல் அறிவித்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் சுயகற்றலுக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கிளினிக்கல் போஸ்டிங்கிலும் ஒரு கேர் பிளானுக்குப் பதிலாக, மாணவி தான் கவனித்த நோயாளியைப் பற்றி நினைவிலிருந்து வரைந்த ஒரு வரைபடத்தை ஏற்கலாம் என்று டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கல்லூரிகளுக்கு அறிவுறுத்த வேண்டும்.